டெக்சஸில் முதல் ஓட்டுநர் உரிமம்: கட்டாய இணையவழிப் பாதுகாப்புப் பாடத்துக்கு உண்மையில் ஆகும் செலவு

டெக்சஸ் மாநிலத்தில் முதன்முறையாக ஓட்டுநர் உரிமம் பெறுபவர், அவர் 16 வயது மாணவராக இருந்தாலும் 60 வயதுப் பெரியவராக இருந்தாலும், வண்டியை ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போவதற்கு முன்னால் இணையத்தில் ஒரு பாதுகாப்புப் பாடத்தைப் பார்த்து முடித்திருக்க வேண்டும். ‘இம்பாக்ட் டெக்சஸ் டிரைவர்ஸ்’ என்பது அதன் பெயர். மாநிலத்தின் பொதுப் பாதுகாப்புத் துறையான டிபிஎஸ் அதை நேரடியாக நடத்துகிறது, ஒரு டாலர்கூடக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனாலும் டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பகுதிகளில் புதிதாகக் குடியேறும் நம் குடும்பங்கள் ‘ஆன்லைன் சேஃப்டி கோர்ஸ்’ என்ற பெயரில் பல இடங்களில் பணம் கட்டுகின்றன. அதில் ஒரு பகுதி சட்டப்படி தேவையான செலவு, மற்றொரு பகுதி தேவையே இல்லாதது. இரண்டையும் பிரித்துக் காட்டி, எந்த வயதினர் எந்த வரிசையில் எதைச் செய்தால் வீண்செலவு வராது என்பதைப் படிப்படியாக விளக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விஷயம் என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். போதைப்பொருள், மது ஆகியவற்றின் தீங்கு பற்றிய 4 மணி நேரப் பாடம் கட்டாயம் என்று ஓர் உறவினர் சொன்னால், அவர் பெரும்பாலும் பிளோரிடாவைப் பற்றிச் சொல்கிறார். கீழே வருவன எல்லாம் டெக்சஸுக்கு மட்டுமே பொருந்தும்.

பணம் கட்டும் பாடமும் இலவசப் பாடமும்

குழப்பத்தின் வேர், பாடங்கள் இரண்டாக இருப்பதுதான். ஒன்று ஓட்டுநர் கல்விப் பாடம். இதைத் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. அவற்றுக்கு உரிமம் தந்து மேற்பார்வை செய்வது டிடிஎல்ஆர் எனப்படும் மாநில உரிமம் மற்றும் ஒழுங்குமுறைத் துறை. 2015 வரை கல்வித் துறையிடம் இருந்த இப்பொறுப்பு அவ்வாண்டில் இத்துறைக்கு வந்தது. பாடத்தில் என்ன இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் நடக்க வேண்டும் என்பதை அரசு வகுத்திருக்கிறது. விலையை நிறுவனங்களே வைக்கின்றன. ஆகவே ஒரே பாடத்திட்டம், ஒரே சான்றிதழ், ஒரே சட்டப் பயன் கொண்ட பாடம் ஓரிடத்தில் ஒரு விலைக்கும் மற்றோர் இடத்தில் அதைப்போல் இரு மடங்குக்கும் விற்கப்படுவதைக் காணலாம்.

இரண்டாவது, மேலே சொன்ன டிபிஎஸ்ஸின் இலவசப் பாடம். இது காணொளி வடிவில் இருக்கிறது. செல்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டு ஓட்டுவது போன்ற கவனச்சிதறல்கள் எப்படி உயிரைப் பறிக்கின்றன என்பதே இதன் மையம். டெக்சஸ் சாலைகளில் விபத்துச் சாவு நிகழாத ஒரு நாள் கடைசியாகக் கடந்தது 2000 நவம்பர் 7 அன்று. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் குறைந்தது ஓர் உயிராவது போயிருக்கிறது. 2021 முதல் 2024 வரை ஆண்டுக்கு 4,000க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். இந்தப் பின்னணி தெரிந்தால், ஒரு மணி நேரக் காணொளியை ஒரு சடங்காக ஓடவிட்டு அடுத்த அறையில் வேறு வேலை பார்க்க மனம் வராது.

இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் குறுக்கே வருகிறது. அதுதான் பலரை ஏமாற்றுகிறது. வேகமாக ஓட்டி அபராதச் சீட்டு வாங்கியவர்கள், நீதிமன்ற அனுமதியோடு வழக்கை முடித்துக்கொள்வதற்காக எடுக்கும் ‘டிஃபென்சிவ் டிரைவிங்’ பாடம் அது. அதுவும் 6 மணி நேரம், அதற்கும் டிடிஎல்ஆர் உரிமம், பல நேரங்களில் அதே நிறுவனமே அதே இணையதளத்தில் இரண்டையும் விற்கிறது. 25 டாலர் என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்யப்படுவது பெரும்பாலும் இதற்குத்தான். புதிய ஓட்டுநர் இதை வாங்கி முழு 6 மணி நேரமும் உட்கார்ந்து முடித்தாலும், உரிமம் பெற அந்தச் சான்றிதழ் செல்லாது. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் இப்படித்தான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையையும் பணத்தையும் இழந்து, மறுபடியும் சரியான பாடத்தை முதலிலிருந்து எடுக்க நேர்ந்தது.

முதற்படி: உங்கள் வயதுப் பிரிவை உறுதிசெய்துகொள்ளுங்கள்

எந்தப் பாடம் கட்டாயம், எவ்வளவு செலவு என்பதெல்லாம் விண்ணப்பிப்பவரின் வயதைப் பொறுத்தது. 15 முதல் 17 வயது வரை உள்ளோர் முழுமையான பதின்ம வயதுக் கல்வியை முடிக்க வேண்டும். 18 முதல் 24 வரை உள்ளோருக்கு 2010 முதல் 6 மணி நேர வயதுவந்தோர் பாடம் கட்டாயம். 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அந்த 6 மணி நேரப் பாடம் கட்டாயமில்லை. விரும்பினால் எடுக்கலாம். இந்த மூன்று பிரிவினருக்கும் பொதுவானது டிபிஎஸ்ஸின் இலவசப் பாடம் மட்டுமே.

அமெரிக்காவின் வேறொரு மாநிலத்தில் எடுத்த, காலாவதியாகாத உரிமத்தோடு குடிவரும் வயதுவந்தோர் அதை ஒப்படைத்துவிட்டுத் தேர்வுகள் இல்லாமலே டெக்சஸ் உரிமம் பெறலாம். அவர்களுக்கு இவ்வழிகாட்டி தேவைப்படாது. இந்திய உரிமத்துக்கோ இலங்கை உரிமத்துக்கோ அந்தச் சலுகை இல்லை. சென்னையில் இருபது ஆண்டுகள் கார் ஓட்டியவரும் இங்கே எழுத்துத் தேர்வு, பார்வைச் சோதனை, ஓட்டுத் தேர்வு ஆகியவற்றைக் கடந்துதான் உரிமம் வாங்க வேண்டும்.

இரண்டாம் படி: 18 முதல் 24 வயதினர் பாடம் வாங்கும் முறை

முதுகலை படிக்க வரும் மாணவர்களும், திருமணமாகி வரும் இளம் பெண்களும் பெரும்பாலும் இந்தப் பிரிவில்தான் அடங்குகிறார்கள். இவர்களுக்குக் கட்டாயமாகப் பணம் செலவாகும் ஒரே இணையவழிப் பாடம் இந்த 6 மணி நேரப் பாடம். பொதுவாக 30 முதல் 60 டாலருக்குள் இது கிடைக்கிறது. தள்ளுபடி நாட்களில் இன்னும் குறையலாம்.

வாங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். முதலாவது, பாடத்தின் பெயரில் ‘அடல்ட் டிரைவர் எஜுகேஷன்’ என்று தெளிவாக இருக்கிறதா என்பது. இரண்டாவது, முடித்தவுடன் தரப்படும் சான்றிதழ் ‘ஏடிஇ-1317’ என்று குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பது. டிபிஎஸ் அலுவலகத்தில் கேட்கப்படும் தாள் இதுதான். இதன் பெயர் எங்கும் காணப்படவில்லை என்றால் அந்தப் பக்கத்திலிருந்து வெளியேறிவிடுவது நல்லது. மூன்றாவது, நிறுவனத்தின் உரிம எண். முறையான நிறுவனங்கள் பக்கத்தின் அடியில் அதை அச்சிட்டிருக்கும். டிடிஎல்ஆர் இணையதளத்தில் உள்ள தேடல் பகுதியில் அந்தப் பெயரை இட்டுப் பார்த்தால், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

விலை உயர்வது பாடத்தில் அல்ல, பணம் கட்டும் பக்கத்தில்தான். அந்தப் பக்கத்தை மெதுவாகக் கீழே வரை படித்துப் பாருங்கள். 35 டாலர் பாடத்தைத் தேர்ந்தெடுத்துப் போனால், அதன் கீழே பாடத்தை வாசித்துக் காட்டும் ஒலி வசதிக்கு ஒரு தொகை, பயிற்சி வினாத் தொகுப்புக்கு ஒரு தொகை, சான்றிதழை விரைவு அஞ்சலில் அனுப்ப ஒரு தொகை, சான்றிதழ் தொலைந்தால் மறுபடி தர ஒரு தொகை என்று வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். சில தளங்களில் அவற்றில் ஒன்றிரண்டு முன்கூட்டியே டிக் செய்யப்பட்டே இருக்கும். கவனிக்காமல் அடுத்த பொத்தானை அழுத்தினால், வங்கிக் கணக்கிலிருந்து போகும் தொகை விளம்பரத்தில் பார்த்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும்.

இவற்றில் எது தேவை? சான்றிதழை மின்னஞ்சலில் தரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் அஞ்சல் செலவு அடியோடு இல்லாமல் போகும். பயிற்சி வினாக்களுக்குப் பணம் கட்டவே வேண்டாம். டிபிஎஸ் வெளியிட்டுள்ள ஓட்டுநர் கையேடு முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது, கேள்விகள் அதற்குள்ளிருந்துதான் வருகின்றன. ஒலி வசதி மட்டும் ஆங்கிலத்தை வேகமாக வாசிக்கப் பழகாத சிலருக்கு உண்மையிலேயே உதவும். அப்படிப்பட்டவர்கள் அதற்குச் சில டாலர் கூடுதலாகக் கொடுப்பதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பாடம் தமிழில் கிடையாது என்பதால், துணைக்கு ஒருவர் அருகில் இருந்து சொற்களை விளக்கிச் சொன்னால் இன்னும் நல்லது.

பாடத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நேரக் கணக்கு உண்டு. அதற்கு முன்னால் அடுத்த பக்கம் திறக்காது. ‘இரண்டே மணி நேரத்தில் முடித்துத் தருகிறோம்’ என்று எவராவது சொன்னால் அது மாநிலம் ஏற்காத பாடம் என்றே கொள்ளலாம். இடையிடையே அடையாளத்தைச் சரிபார்க்கும் கேள்விகளும் வரும். ஆகவே ஒருவருக்காக இன்னொருவர் உட்கார்ந்து முடிப்பது நேர்மையற்றது மட்டுமல்ல, நடுவழியில் பாடம் பூட்டப்பட்டு, கட்டிய பணமும் போவதற்கு வழிவகுக்கும். இறுதியில் வரும் தேர்வில் தேறிவிட்டால், டிபிஎஸ் அலுவலகத்தில் தனியாக எழுத்துத் தேர்வு எழுத வேண்டியதில்லை. கட்டணத்துக்கு ஈடாகக் கிடைக்கும் உண்மையான பயன் இது.

25 வயதைக் கடந்தவர்கள் பணம் கட்ட வேண்டுமா?

கட்டாயமில்லை. கையேட்டைப் படித்து, டிபிஎஸ் அலுவலகத்துக்குப் போய் எழுத்துத் தேர்வை அங்கேயே எழுதலாம். 30 கேள்விகள், அவற்றில் 70 விழுக்காடு சரியாக இருந்தால் போதும். அதற்கெனத் தனிக் கட்டணமும் இல்லை, உரிம விண்ணப்பக் கட்டணத்திலேயே அது அடங்கும். எனவே எச்4 எனப்படும், பணி விசாவில் இருப்பவரின் துணைவருக்கான விசாவில் வந்து முப்பதுகளில் இருக்கும் ஒருவர், இணையவழிப் பாடம் என்ற வகையில் ஒரு டாலர்கூடச் செலவழிக்காமல் உரிமம் பெற முடியும்.

இருந்தாலும் நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு நான் சொல்வது வேறு. விருப்பப்பாடமான அந்த 6 மணி நேரத்தை அவர்களும் எடுத்தால் நல்லது. காரணம், அவர்களுக்குத் தெரியாதது வண்டி ஓட்டும் கலை அல்ல, இந்த ஊர்ச் சாலை ஒழுங்கு. நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை உள்ள சந்திப்பில் யார் முதலில் வந்து நின்றாரோ அவரே முதலில் போக வேண்டும். பள்ளிப் பேருந்து நின்று சிவப்பு விளக்கு மின்னினால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிர்த்திசையில் வருபவரும் நிற்க வேண்டும். சாலையோரம் காவல் வண்டியோ அவசர ஊர்தியோ விளக்கு மின்ன நின்றிருந்தால் தடம் மாற வேண்டும், அல்லது வேகத்தைச் சட்டம் சொல்லும் அளவுக்குக் குறைக்க வேண்டும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டால் வரும் அபராதம், பாடக் கட்டணத்தைப்போல் பல மடங்கு இருக்கும். ஆங்கிலத் தேர்வை அலுவலகத்தில் எழுதப் பதற்றப்படுபவர்களுக்கும், வீட்டில் நிதானமாகப் பாடத்தோடு சேர்த்து அதை முடித்துவிடும் வசதி ஒரு நிம்மதி.

15 முதல் 17 வயது: செலவு கூடுவதும் அதற்கான நியாயமும்

பதின்ம வயதினருக்குச் சட்டம் மிக விரிவாக இருக்கிறது. 24 மணி நேர வகுப்புப் பாடம் ஒரு பகுதி. காரில் 44 மணி நேரம் மற்றொரு பகுதி. அந்த 44இல் 7 மணி நேரம் பயிற்றுநர் அருகிருக்க ஓட்ட வேண்டும், 7 மணி நேரம் பிறர் ஓட்டுவதைக் காரில் இருந்தே கவனிக்க வேண்டும், 30 மணி நேரம் உரிமம் பெற்ற பெரியவர் துணையோடு பழக வேண்டும். அந்த 30இல் 10 மணி நேரமாவது இரவில் ஓட்டியிருக்க வேண்டும்.

இதை முடிக்க இரண்டு பாதைகள் உள்ளன. ஓட்டுநர் பள்ளியில் சேர்த்தால் வகுப்பும் காரும் அவர்கள் பொறுப்பு. செலவு சில நூறு டாலர்களாகும், பகுதிக்குப் பகுதி மாறும். மற்றொன்று பெற்றோரே கற்பிக்கும் முறை. இதில் 24 மணி நேர வகுப்பை மட்டும் இணையத்தில் வாங்கிக்கொண்டு, கார்ப் பயிற்சியைத் தாயோ தந்தையோ தருகிறார்கள். இணையப் பாடத்தின் விலை பள்ளிக் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான்.

இரண்டாவது பாதையில் போகிறவர்கள் மறக்கவே கூடாத செலவு ஒன்று உண்டு. பாடம் தொடங்கும் முன் டிடிஎல்ஆர் துறையிடம் 20 டாலர் கட்டி, பெற்றோர் கற்பிக்கும் முறைக்கான வழிகாட்டித் தொகுப்பைப் பெற வேண்டும். இந்த 20 டாலர் பாட நிறுவனத்துக்குப் போவதல்ல, மாநிலத்துக்குப் போவது. பாடத்தை முதலில் வாங்கி மகனையோ மகளையோ உட்கார வைத்துவிட்டு, தொகுப்பைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், தொகுப்புக்கு முந்தைய மணி நேரங்கள் கணக்கில் சேராமல் மறுபடியும் தொடங்க நேரும். தொகுப்பு கைக்கு வந்த தேதியைக் குறித்துவைத்து, அதற்குப் பின்னரே முதல் பாடத்தைத் திறப்பது முறை.

கற்பிக்கப்போகும் பெற்றோருக்கும் தகுதிகள் உண்டு. கடந்த 3 ஆண்டுகளாகச் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும், அது அக்காலத்தில் ஓட்டுக் குற்றத்துக்காக முடக்கப்பட்டிருக்கக் கூடாது, குடிபோதையில் ஓட்டியதற்கான தண்டனை இருக்கக் கூடாது. தாத்தா, பாட்டியும் கற்பிக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. அண்மையில் குடியேறிய குடும்பங்கள், பணம் கட்டும் முன்னரே இந்தத் தகுதிகளை வழிகாட்டித் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

வகுப்பின் முதல் 6 மணி நேரத்தை முடித்து எழுத்துத் தேர்வில் தேறியதும் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது பள்ளி தரும் வருகைச் சான்றும் தேவைப்படும். பழகுநர் உரிமத்தை 6 மாதமாவது வைத்திருந்து, 16 வயதும் நிறைந்த பிறகே ஓட்டுத் தேர்வுக்குப் போக முடியும். பாடம் முழுவதும் முடிந்ததற்கான சான்றிதழின் பெயர் ‘டிஇ-964’. இந்த 6 மாதக் காலத்தைக் கணக்கில் கொண்டு, பிள்ளைக்கு 15 வயது நிறைந்த சில மாதங்களுக்குள் தொடங்கினால் அவசரமும் அவசரச் செலவும் இல்லை.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘18 வயது வரை பொறுத்தால் 6 மணி நேரப் பாடத்தோடு மலிவாக முடிந்துவிடும்’ என்று கணக்குப் போடும் பெற்றோர் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். கணக்கு சரிதான், ஆனால் அதில் சேமிக்கப்படுவது வெறும் பணம் அல்ல. 18 வயதானவருக்குச் சட்டம் காரில் ஒரு மணி நேரப் பயிற்சியைக்கூடக் கட்டாயமாக்கவில்லை. 44 மணி நேரப் பயிற்சி, அதில் இருட்டில் ஓட்டிய 10 மணி நேரம், பெற்றோர் அருகில் உட்கார்ந்திருந்த பொழுதுகள் எல்லாமே அந்தச் சேமிப்போடு சேர்ந்து காணாமல் போகின்றன. கல்லூரிக்குப் போய் முதல் வாரத்திலேயே 75 மைல் வேகத்தில் ஓடும் நெடுஞ்சாலையில் தனியாக ஏறப்போகிற பிள்ளைக்கு, சில நூறு டாலரை மிச்சம் பிடிப்பதற்காக இதை மறுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பொருளாதார நெருக்கடியால் காத்திருக்க வேண்டியவர்கள், 18 வயதுப் பாதையிலும் அதே 30 மணி நேரத்தைத் தாமாகவே வகுத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தில் தேதியும் நேரமும் எழுதிப் பழக்கலாம். அதற்குப் பெட்ரோலைத் தவிர வேறு செலவில்லை.

மூன்றாம் படி: இலவசக் காணொளியை எப்போது பார்ப்பது?

இம்பாக்ட் டெக்சஸ் பாடம் மூன்று வடிவங்களில் இருக்கிறது. பதின்ம வயதுக் கல்வியை முடித்தவர்களுக்கு 2 மணி நேர வடிவம். 6 மணி நேரப் பாடத்தை முடித்த 18 முதல் 24 வயதினருக்கு ஒரு மணி நேர வடிவம். 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வேறொரு ஒரு மணி நேர வடிவம். தவறான வடிவத்தைப் பார்த்துவிட்டால் சான்றிதழ் பயன்படாமல் போகும். எனவே பதிவு செய்யும்போது வடிவத்தின் பெயரைச் சரிபார்க்க வேண்டும்.

இதில் பணம் கட்டும் கட்டமே கிடையாது. தேடுபொறியில் பெயரை இட்டால் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தி, கடன் அட்டை எண்ணைக் கேட்கும் ஒரு பக்கத்தில் நீங்கள் நின்றால், அது டிபிஎஸ் தளமல்ல. டிபிஎஸ் தளத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து இப்பாடத்தின் இணைப்பை எடுப்பதே பாதுகாப்பான வழி.

வரிசை முக்கியம். ஓட்டுநர் கல்வி முடிந்த பிறகுதான் இதைப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம் காலக்கெடு. மின்னஞ்சலில் வரும் சான்றிதழ் 90 நாட்களுக்கு மட்டுமே செல்லும். ஓட்டுத் தேர்வு அந்த 90 நாட்களுக்குள் நடக்க வேண்டும். ஆர்வத்தில் முதலிலேயே பார்த்து முடித்துவிட்டு, டிபிஎஸ் அலுவலகத்தில் தேதி கிடைக்காமல் மாதங்கள் கழித்துப் போகிறவர்கள், காலாவதியான சான்றிதழோடு திருப்பி அனுப்பப்படுகிறார்கள். மறுபடி பார்ப்பது இலவசம்தான். ஆனால் அந்தத் தேர்வு நாள் கைவிட்டுப் போகிறது, அதற்காக எடுத்த விடுப்பு போகிறது, பள்ளியிலிருந்து வாடகைக்கு எடுத்த காருக்குக் கொடுத்த பணமும் போகிறது. இலவசமான ஒன்று செலவு வைக்கும் இடம் இதுதான். தேர்வுத் தேதி உறுதியான பிறகு, அதற்கு ஓரிரு வாரம் முன்பு பார்ப்பதே சரியான நேரம். பார்த்தது மனத்தில் பசுமையாக இருக்கும்போது காரில் ஏறுவதும் நல்லதுதான்.

நான்காம் படி: விண்ணப்பக் கட்டணமும் ஓட்டுத் தேர்வும்

18 வயது நிறைந்தவர்களுக்கு உரிமக் கட்டணம் 33 டாலர். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 16 டாலர். குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர்களுக்கு அந்த 33 டாலரில் 8 ஆண்டு உரிமம் கிடைக்கிறது. விசாவில் இருப்பவர்களின் உரிமமோ அவர்கள் தங்க அனுமதிக்கப்பட்ட தேதியோடு முடிந்துவிடும். விசா நீட்டிப்புக்குப் பிறகு உரிமத்தையும் புதுப்பிக்கும்போது மறுபடியும் கட்டணம் உண்டு. ஆகவே நீட்டிப்பு விண்ணப்பம் ஓரிரு மாதத்தில் முடிவாகும் நிலையில் இருப்பவர்கள், அவசரம் இல்லையென்றால் அது வந்தபின் விண்ணப்பிக்கலாம். பாடங்களைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை என்பது ஆறுதல்.

கட்டிய விண்ணப்பக் கட்டணத்தில் ஓட்டுத் தேர்வுக்கு மூன்று வாய்ப்புகள் அடங்கியிருக்கின்றன. மூன்றிலும் தவறினாலோ விண்ணப்பித்து 90 நாட்கள் கடந்தாலோ, புதிய விண்ணப்பமும் புதிய கட்டணமும் தேவைப்படும். முன்பு சொன்ன காணொளிக்கும் 90 நாள், இதற்கும் 90 நாள் என்பதால் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு நாளில் தொடங்கி வெவ்வேறு நாளில் முடிகின்றன. நாட்காட்டியில் தனித்தனியே குறித்துவைக்க வேண்டும்.

டிபிஎஸ் அலுவலகத்தில் ஓட்டுத் தேர்வுக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். டிபிஎஸ் அங்கீகரித்த தனியார் ஓட்டுநர் பள்ளிகளும் ஓட்டுத் தேர்வை நடத்துகின்றன. அங்கே விரைவில் தேதி கிடைக்கும். அவர்கள் வாங்கும் கட்டணம் உரிமக் கட்டணத்துக்கு மேற்பட்டது, பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். வேலைக்குச் சேரும் நாள் நெருங்கியிருப்பவர்களுக்கு அது நியாயமான செலவு. மற்றவர்களுக்குப் பொறுமையே மிச்சம். தேர்வுக்குக் கொண்டு போகும் காருக்குப் பதிவும் காப்பீடும் நடப்பில் இருக்க வேண்டும். தேதி முடிந்த காப்பீட்டு அட்டையோடு போய்த் திரும்பி வருவது இங்கே அடிக்கடி நடக்கும் ஒன்று.

மொத்தத்தில் எவ்வளவு?

சொந்தக் காரில் பழகி, டிபிஎஸ் அலுவலகத்திலேயே தேர்வு எழுதும் 32 வயதுப் பெண்ணுக்கு ஆகும் கட்டாயச் செலவு 33 டாலர் மட்டுமே. அவரே 22 வயதினராக இருந்தால், 35 டாலர் பாடம் ஒன்றை எந்தக் கூடுதல் பெட்டியும் டிக் செய்யாமல் வாங்கினால், மொத்தம் 68 டாலர். 15 வயதில் பெற்றோரிடம் கற்கத் தொடங்கும் மகனுக்குத் தொகுப்பு 20 டாலர், இணைய வகுப்பின் விலை, 18 வயதுக்குக் கீழே உள்ளோருக்கான உரிமக் கட்டணம் ஆகியன சேரும். இவற்றில் எந்தக் கணக்கிலும் பாதுகாப்புக் காணொளிக்கு ஒரு வரிகூட இல்லை.

இப்படிச் சேமித்த பணத்தில் ஒரு பங்கை உரிமம் பெற்ற பயிற்றுநரோடு காரில் இரண்டு மணி நேரம் ஓட்டச் செலவிடுங்கள். தமிழ்நாட்டில் எட்டுப் போட்டு உரிமம் வாங்கியவருக்கு, இங்கே இரு கம்பங்களுக்கு இடையே இணையாக வண்டியை நிறுத்துவதும், தடம் மாறும்போது கண்ணாடியை மட்டும் நம்பாமல் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்ப்பதும் புதியவை. கணவரோ தந்தையோ சொல்லித்தரும்போது சினமும் சலிப்பும் வந்துவிடுகின்றன. வெளியாள் ஒருவர் ‘நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் சக்கரம் முழுமையாக நின்றதா?’ என்று மூன்றாம் முறையாகக் கேட்கும்போது வருவதில்லை. முதல் முயற்சியிலேயே தேறுகிறவர்களில் பலர் இந்த இரண்டு மணி நேரத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் என்பதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

கடைசியாக, பாடச் சான்றிதழின் நகலை உரிமம் வந்தபின்னும் வைத்திருங்கள். ஓட்டுநர் கல்வியை முடித்த இளையோருக்குச் சில காப்பீட்டு நிறுவனங்கள் தவணையில் தள்ளுபடி தருகின்றன. கேட்டால்தான் தருவார்கள். பிள்ளையைக் குடும்பக் காப்பீட்டில் சேர்க்கும் அன்றே, ஏடிஇ-1317 அல்லது டிஇ-964 சான்றிதழை இணைத்து, மதிப்பெண் நன்றாக இருந்தால் பள்ளி மதிப்பெண் பட்டியலையும் சேர்த்து அனுப்பி, இரண்டுக்கும் தனித்தனியே தள்ளுபடி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பாடத்துக்குக் கட்டிய தொகை முழுவதும் முதல் ஆண்டிலேயே திரும்பி வரும் வாய்ப்பு உண்டு.